யாருடைய ஆள்? பிரெட் ஹார்ட்டின் வாழ்க்கையும் மல்யுத்தம் பற்றிய ஒரு பழைய கேள்வியும்

1984 டிசம்பர் இறுதியில், நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கின் பின்கட்டில், ஏபிசி தொலைக்காட்சியின் ஜான் ஸ்டாஸல் டேவிட் ஷூல்ட்ஸ் என்ற மல்யுத்தக்காரரைப் பேட்டி கண்டார். இதெல்லாம் போலி என்று தனக்குத் தோன்றுவதாக முகத்துக்கு நேரே சொன்னார். ஷூல்ட்ஸ் காதைச் சேர்த்து அறைந்தார். கீழே விழுந்து எழுந்தவரை மறுபடியும் அறைந்தார். காது பாதிக்கப்பட்டதாக ஸ்டாஸல் வழக்குப் போட்டார். 4,25,000 டாலருக்குச் சமரசம் ஆனது. சில மாதங்களுக்குள் ஷூல்ட்ஸுக்கு வேலை போயிற்று. அறையச் சொன்னதே முதலாளிதான் என்று அவர் பிற்காலத்தில் சொல்லிவந்தார்.

1989 பிப்ரவரியில், ஷூல்ட்ஸ் வேலை பார்த்த அதே நிறுவனம், உலக மல்யுத்தக் கூட்டமைப்பு என்ற டபிள்யூ.டபிள்யூ.எஃப்., நியூஜெர்சி மாநில செனட்டின் முன் வந்தது. நாங்கள் நடத்துவது போட்டி அல்ல, கேளிக்கை என்று சாட்சியம் சொன்னது. விளையாட்டு ஆணையத்தின் மேற்பார்வையிலிருந்தும் வரியிலிருந்தும் தப்புவதற்கு அந்த ஒப்புதல் தேவைப்பட்டது. இடையில் கழிந்தவை வெறும் நான்கு ஆண்டுகள். போலி என்று வெளியாள் சொன்னபோது ஒரு தொழிலாளி கையை ஓங்கி, வேலையை இழந்தார். அதையே நிறுவனம் தன் வாயால் சொன்னபோது அதன் செலவு குறைந்தது.

தொழில்முறை மல்யுத்தத்தைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி நிஜமா பொய்யா என்ற கேள்வியைச் சுற்றியே வருகிறது. அந்தக் கேள்வி ரசிகனுக்குச் சுவாரசியமானது, முதலாளிக்கு லாபமானது, மல்யுத்தக்காரருக்கு மட்டும் எந்தக் காலத்திலும் பயன்பட்டதில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். அதைப் பரிசீலிக்க கனடாவின் பிரெட் ஹார்ட்டை விடப் பொருத்தமான ஆள் கிடைப்பது அரிது. அவர் இத்தொழிலுக்குள்ளேயே பிறந்தார், அதன் உச்சியைத் தொட்டார், அதனால் ஏமாற்றப்பட்டார், தம்பியையும் தன் ஆரோக்கியத்தையும் இழந்தார். பல ஆண்டுகள் ஒலிநாடாவில் நாட்குறிப்பு பதிவுசெய்து வைத்து, 2007இல் அதை விரிவான தன்வரலாறாகவும் ஆக்கினார். இவ்வளவு சான்று விட்டுச்சென்ற மல்யுத்தக்காரர்கள் மிகச் சிலரே.

திருவிழாக் கூடாரத்திலிருந்து கேபிள் டிவிக்கு

இத்தொழிலின் வேர் பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கத் திருவிழாக் கூடாரங்களில் இருக்கிறது. கூடாரத்துப் பயில்வானை இத்தனை நிமிடம் தாக்குப்பிடித்தால் பரிசு என்று அறிவிப்பார்கள். கூட்டத்திலிருந்து முதலில் எழுந்து வருபவன் பெரும்பாலும் கூடாரத்து ஆளாகவே இருப்பான். வெளியாருக்கு உண்மையைக் காட்டிக்கொடுக்காத அந்தப் பழக்கத்தைத் தொழிலுக்குள் ‘கேஃபேப்’ என்பார்கள். ரிங்கில் எதிரிகளாக இருப்பவர்கள் ஒரே காரில் பயணம் செய்யக்கூடாது, ஒரே மேசையில் சாப்பிடக்கூடாது என்பதுவரை அது நீண்டது.

முழுக்க நிஜமாக நடந்த மல்யுத்தம் பார்ப்பவரைக் களைப்படையச் செய்தது. 1916 ஜூலை 4 அன்று ஓமாஹாவில் ஜோ ஸ்டெக்கரும் எட் ‘ஸ்ட்ராங்லர்’ லூயிஸும் ஏறத்தாழ ஐந்து மணி நேரம் மோதி, முடிவே இல்லாமல் பிரிந்தார்கள். 1920களில் அதே லூயிஸ், அவருடைய மேலாளர் பில்லி சாண்டோ, டூட்ஸ் மாண்ட் ஆகிய மூவரும் சேர்ந்து ஆட்டத்தை மாற்றினார்கள். நேர வரம்பு வந்தது. பாய்ச்சலும் தூக்கி எறிதலும் கூடின. ஒரே குழு ஊர் ஊராகப் போய் தொடர்கதைபோல நடத்தியது. யார் ஜெயிப்பது என்பதை முன்கூட்டியே குழு முடிவு செய்தது. இன்று நாம் பார்க்கும் மல்யுத்தத்தின் வடிவம் ஏறக்குறைய அப்போதே உருவாகிவிட்டது.

அடுத்த மாற்றம் வியாபாரத்தில். 1948இல் அயோவா மாநிலத்தின் வாட்டர்லூவில் புரமோட்டர்கள் சிலர் கூடி தேசிய மல்யுத்தக் கூட்டணியை அமைத்தார்கள். ஆளுக்கொரு வட்டாரம், ஒருவர் எல்லையில் இன்னொருவர் ஆட்டம் போடக்கூடாது. ஒரு புரமோட்டரைப் பகைத்துக்கொண்ட மல்யுத்தக்காரருக்கு மற்ற வட்டாரங்களிலும் கதவு சாத்தப்படும் நிலை இருந்தது. அமெரிக்க நீதித்துறை இதை ஏகபோகமாகக் கண்டு, 1956இல் ஓர் உடன்பாட்டு ஆணைக்குக் கூட்டணியைப் பணிய வைத்தது. ஆனாலும் வட்டார முறை நடைமுறையில் 1980கள்வரை நீடித்தது. அதை உடைத்தது நீதித்துறை அல்ல, கேபிள் தொலைக்காட்சி. 1982இல் தந்தையிடமிருந்து டபிள்யூ.டபிள்யூ.எஃப்.ஐ வாங்கிய வின்ஸ் மக்மேன், வட்டாரங்களின் நட்சத்திரங்களை ஒவ்வொருவராக இழுத்து, நாடு முழுவதும் ஒரே கடை விரித்தார். 1985 மார்ச் 31 அன்று முதல் ‘ரெஸில்மேனியா’ நடந்தபோது போட்டியின் திசை தெளிவாகிவிட்டது.

அந்த அலையில் விழுங்கப்பட்ட வட்டாரங்களில் ஒன்று, பிரெட் ஹார்ட்டின் தந்தையுடையது.

கால்கரி வீட்டின் நிலவறை

ஸ்டூ ஹார்ட் கனடாவின் முன்னாள் அமெச்சூர் மல்யுத்த சாம்பியன். 1948இல் எட்மன்டன் நகரில் அவர் தொடங்கிய நிறுவனமே பின்னர் ‘ஸ்டாம்பீட் ரெஸ்லிங்’ என்று பெயர் பெற்றது. அவருக்கும் மனைவி ஹெலனுக்கும் 12 பிள்ளைகள்: எட்டு ஆண், நான்கு பெண். மகன்கள் எல்லோரும் ஏதோ ஒரு விதத்தில் மல்யுத்தத்துக்கு வந்தார்கள். மகள்கள் நால்வரும் மல்யுத்தக்காரர்களையே மணந்தார்கள். 1957 ஜூலை 2 அன்று பிறந்த பிரெட், வரிசையில் எட்டாவது.

கால்கரியிலிருந்த வீட்டின் அடித்தளத்தில் தாழ்ந்த கூரையும் தரையில் மெல்லிய விரிப்புமாக ஓர் அறை. ‘டஞ்சன்’, அதாவது நிலவறை என்று அதற்குப் பெயர். தொழில் கற்க வரும் இளைஞர்களை ஸ்டூ அங்கே கொண்டுபோய், மூட்டுகளைப் பூட்டி, அலறவிட்டுத்தான் சேர்த்துக்கொள்வார். அந்த அலறல் மாடியில் வளர்ந்த பிள்ளைகளின் காதில் விழுந்தபடியே இருந்தது. மேடையில் நடப்பது முன்கூட்டித் தீர்மானித்த ஆட்டம்தான். ஆனால் மேடைக்கு வருமுன் வலி என்றால் என்ன என்று உடம்புக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது ஸ்டூவின் பாடம். பள்ளிக் காலத்தில் அமெச்சூர் மல்யுத்தம் ஆடிய பிரெட்டுக்கு, விழுவதையும் விழச்செய்வதையும் கற்றுக்கொடுத்தவர்கள் ஹிட்டோ, சகுராடா என்ற இரு ஜப்பானியர்கள். 1970களின் பின்பாதியில் அவர் அப்பாவின் ரிங்கில் ஏறினார். ஆல்பர்ட்டா, சாஸ்காட்செவன் பனிச்சாலைகளில் வேனில் நெருக்கியடித்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போய், ஆடிவிட்டு, அன்றிரவே திரும்புவது அந்த வட்டாரத்து வாழ்க்கை.

1984இல் ஸ்டூ தன் வட்டாரத்தை மக்மேனிடம் விற்றார். பிரெட்டும் மைத்துனர்கள் டேவி பாய் ஸ்மித், ஜிம் நைட்ஹார்ட் ஆகியோரும் டைனமைட் கிட் என்று பெயர் பெற்ற டாம் பில்லிங்டனும் டபிள்யூ.டபிள்யூ.எஃப்.க்குப் போனார்கள். பரம்பரைக் கடையை விற்ற வீட்டின் பிள்ளைகள் வாங்கியவரிடமே கூலிக்குச் சேர்ந்த கதை இது. மக்மேனை பிரெட் பிற்காலத்தில் ஏறக்குறைய தந்தை ஸ்தானத்தில் வைத்துப் பேசியதையும், அந்த நம்பிக்கை உடைந்தபோது எழுந்த கோபத்தையும் இந்தப் பின்னணியில்தான் புரிந்துகொள்ள முடியும்.

கைவினை

ரிங்கின் அடியில் இரும்புச் சட்டம், மேலே மரப்பலகை, அதன்மேல் மெல்லிய நுரைவிரிப்பு, அதற்கும் மேல் கேன்வாஸ். மோவாயை மார்போடு ஒட்டி, முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் தரையில் படும்படி விழ வேண்டும். அதிர்ச்சி பரவிப் போகும். தலையோ முழங்கையோ முதலில் பட்டால் எலும்புக்குக் கேடு. சரியாக விழுந்தாலும் வலிக்காமல் இருப்பதில்லை. வலி தாங்கும் அளவில் இருக்கும், அவ்வளவுதான். 1980களில் ஆண்டுக்கு முந்நூறு நாள் வீட்டைவிட்டு வெளியே இருந்ததாக பிரெட் சொல்கிறார். ஒரு விழுதல் பெரிதல்ல. அதை முந்நூறு இரவுகளால் பெருக்கிப் பார்க்க வேண்டும்.

இந்தத் தொழிலில் எதிராளி உண்மையில் கூட்டாளி. தூக்கப்படுபவர் தன் உடம்பைத் தூக்குபவரிடம் ஒப்படைக்கிறார். அடி விழுந்ததுபோல் தெரிய வேண்டும், காயம் படக்கூடாது. பிரெட் தன் தொழில்வாழ்வில் எதிராளி எவரையும் கடுமையாகக் காயப்படுத்தியதில்லை என்பதைத்தான் பட்டங்களைவிடப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். 1991 ஆகஸ்டில் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் கர்ட் ஹென்னிக்கை வென்று இன்டர்காண்டினென்டல் பட்டம் பெற்ற ஆட்டம் இதற்கு நல்ல உதாரணம். ஹென்னிக்கின் முதுகு அப்போது மோசமாகப் பழுதாகியிருந்தது. ஆட்டத்தின் முடிவில் ஹென்னிக் காலை இறக்க, தரையில் கிடந்த பிரெட் அதைப் பிடித்துத் திருப்பி ‘ஷார்ப்ஷூட்டர்’ பூட்டைப் போட்டார். அரங்கம் கண்டது ஆவேசமான சண்டை. நடந்தது ஒரு நோயாளியைப் பத்திரமாகப் பார்த்துக்கொண்ட ஆட்டம். 1992 ஆகஸ்ட் 29 அன்று லண்டன் வெம்பிளி மைதானத்தில் எண்பதாயிரம் பேர் கூடியதாக நிறுவனம் அறிவித்த நிகழ்ச்சியில் மைத்துனர் டேவி பாய் ஸ்மித்திடம் அவர் தோற்றார். ஸ்மித் அன்று திட்டம் மறந்து தடுமாறியதாகவும், ஒவ்வொரு அசைவையும் தானே காதோரம் சொல்லிச் சொல்லி ஆட்டத்தை நடத்தியதாகவும் பிரெட் எழுதியிருக்கிறார். தோற்றவர் ஜெயித்தவரைத் தூக்கி நிறுத்திய ஆட்டம் அது.

ரோலான் பார்த் 1957இல் வெளியிட்ட ‘மிதாலஜிஸ்’ நூலின் முதல் கட்டுரையே மல்யுத்தம் பற்றியதுதான். இது விளையாட்டல்ல, காட்சி. பார்வையாளர் யார் ஜெயிப்பார் என்று கணக்குப் போட வரவில்லை, துன்பமும் நீதியும் கண்ணெதிரே துலங்குவதைப் பார்க்க வருகிறார் என்பது அவர் நிலை. நமக்கு இது புதிய செய்தி அல்ல. பதினெட்டாம் போரில் துரியோதனன் விழப்போகிறான் என்று தெரிந்தே தெருக்கூத்து பார்க்க விடியவிடிய உட்கார்ந்திருந்தவர்கள் நாம். பார்வையாளரைப் பொறுத்தவரை பார்த் சொன்னதில் குறை காண்பது கடினம். ஆனால் அவர் நின்று பார்த்த இடம் பார்வையாளர் வரிசை. ரிங்குக்குள் இருப்பவர் அவர் கட்டுரையில் ஓர் அடையாளம் மட்டுமே. மறுநாள் காலை எழுந்து எந்த ஊருக்குப் போகிறார், அவருடைய எக்ஸ்ரேக்கு யார் பணம் கட்டுகிறார் என்ற கேள்விகள் அதற்குள் வரவில்லை.

தமிழ்நாட்டில் 1990களில் வளர்ந்தவர்களும் அந்தப் பார்வையாளர் வரிசையில்தான் இருந்தார்கள். பள்ளி வாசல் கடையில் வாங்கிய டபிள்யூ.டபிள்யூ.எஃப். டிரம்ப் கார்டுகளில் உயரம், எடை, மார்பளவு, தரவரிசை எல்லாம் அச்சாகியிருந்தன. அண்டர்டேக்கர் என்ற வீரருக்கு ஏழு உயிர் என்று சத்தியம் செய்தவர்களும், எல்லாம் செட்டப் என்று வாதாடியவர்களும் ஒரே பெஞ்சில் இருந்தார்கள். இரு கட்சிக்காரர்களும் கேட்டது அதே பழைய கேள்விதான்.

பிரெட் உச்சிக்குப் போன நேரத்துக்கும் ஒரு காரணம் உண்டு. ஊக்கமருந்து வழங்கிய டாக்டர் ஜார்ஜ் ஜஹோரியன் 1991இல் தண்டிக்கப்பட்டார். விசாரணை மக்மேனையே நெருங்கியது. 1994இல் அவர் விடுவிக்கப்பட்டார் என்றாலும், இடைப்பட்ட ஆண்டுகளில் ஊதிப்பெருத்த உடம்புகளை முன்னிறுத்துவது நிறுவனத்துக்கு ஆபத்தாகியிருந்தது. அளவான உடம்பும் சுத்தமான கைவேலையும் கொண்ட ஒருவர் தேவைப்பட்டார். 1992 அக்டோபர் 12 அன்று கனடாவின் சாஸ்காட்டூன் நகரில் ரிக் ஃப்ளேரைத் தோற்கடித்து பிரெட் உலகப் பட்டம் பெற்றார். அந்தத் தேர்வைச் செய்ததில் மேசையில் உட்கார்ந்தவர்களின் கைக்கு எவ்வளவு பங்கோ, நீதிமன்றத்துக்கும் அவ்வளவு பங்கு.

மாண்ட்ரியால், 1997

மல்யுத்த வரலாற்றில் மிக அதிகமாக அலசப்பட்ட ஓர் இரவு 1997 நவம்பர் 9. அதற்கு ஓராண்டுக்கு முன் பிரெட், போட்டி நிறுவனமான டபிள்யூ.சி.டபிள்யூ. தர முன்வந்த பெரும் தொகையை மறுத்து, மக்மேனிடம் 20 ஆண்டு ஒப்பந்தம் போட்டிருந்தார். 1997இல் நிறுவனம் நெருக்கடியில் இருந்தது. சொன்ன தொகையைத் தர இயலாது, போட்டியாளரிடமே போய்விடு என்று மக்மேனே கேட்டுக்கொண்டார். பிரெட் சம்மதித்தார். ஆனால் உலகப் பட்டம் அவர் இடுப்பில் இருந்தது. புறப்படுமுன் அதைச் சக வீரர் ஷான் மைக்கேல்ஸிடம் தோற்க வேண்டும். இடம் கனடாவின் மாண்ட்ரியால். இந்த மண்ணில், இந்த ஆளிடம் மட்டும் தோற்கமாட்டேன், வேறு எங்கு வேண்டுமானாலும் பட்டத்தைத் தருகிறேன் என்றார் பிரெட். கடைசி 30 நாளில் தன் பாத்திரம் எப்படி நடத்தப்படுகிறது என்பதில் நியாயமான அளவு கட்டுப்பாடு அவருக்கு உண்டு என்று ஒப்பந்தம் சொன்னது. குழப்பத்தில் ஆட்டம் முடிவதாக ஓர் ஏற்பாட்டுக்கு மக்மேன் ஒப்புக்கொண்டார்.

ஆட்டத்தின் நடுவில் மைக்கேல்ஸ், பிரெட்டின் சொந்த முத்திரையான ஷார்ப்ஷூட்டரை அவர்மேலேயே போட்டார். பிரெட் சரணடையவில்லை. ரிங் ஓரத்தில் நின்ற மக்மேன் மணியடிக்கச் சொன்னார். நடுவர் எர்ல் ஹெப்னர் சைகை காட்ட, மணி அடித்தது. பிரெட் மக்மேன் முகத்தில் துப்பினார். போகப்போகும் நிறுவனத்தின் எழுத்துகளை விரலால் காற்றில் எழுதிக் காட்டினார். உடைமாற்றும் அறையில் மக்மேனை ஒரே குத்தில் வீழ்த்தினார். பால் ஜே இயக்கிய ஆவணப்படக் குழு அந்நாட்களில் பிரெட்டைப் பின்தொடர்ந்துகொண்டிருந்தது. அன்று மக்மேனோடு அவர் நடத்திய பேச்சும் ஒலிப்பதிவாகி, 1998இல் வந்த படத்தில் இடம்பெற்றது.

இதைப் பற்றி இரண்டு கட்சிகள் உண்டு. மக்மேன் கட்சியின் வாதம் எளிது. பட்டம் நிறுவனத்தின் சொத்து. 1995 டிசம்பரில் மதூஸா என்ற வீராங்கனை டபிள்யூ.டபிள்யூ.எஃப். பெண்கள் பட்டத்தைப் போட்டி நிறுவனத்தின் நேரலையில் குப்பைத்தொட்டியில் போட்டிருந்தார். அது திரும்ப நடந்துவிடுமோ என்ற அச்சம் நியாயமானதே. எல்லாம் கதை என்றால், கதையில் தோற்க ஒருவர் மறுப்பது கர்வம் அல்லவா? பிரெட் கட்சியின் வாதம்: தோற்க அவர் மறுக்கவே இல்லை, இடத்தையும் விதத்தையும்தான் மறுத்தார், அந்த உரிமை எழுத்தில் இருந்தது.

எனக்கு இரண்டாவதே வலுவாகத் தெரிகிறது. கனடாவில் பிரெட் ஹார்ட் என்ற பெயர் அவருடைய கடைமுதல். அந்த ஊரில் அவமானப்பட்டு விழுவது கற்பனைதான். அதனால் அவர் பெயரின் சந்தை மதிப்பு குறைவது கற்பனை அல்ல. அடுத்து நடந்ததைக் கவனித்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். மாண்ட்ரியாலில் சம்பாதித்த வெறுப்பை மக்மேன் அப்படியே எடுத்து, ‘மிஸ்டர் மக்மேன்’ என்ற கொடூர முதலாளிப் பாத்திரமாக்கித் தானே மேடையேறினார். தொழிலாளிகளைக் கொடுமைப்படுத்தும் முதலாளியை மல்யுத்தக்காரர் ஸ்டீவ் ஆஸ்டின் அடிக்கும் கதை டபிள்யூ.டபிள்யூ.எஃப்.ஐ மீட்டது, 1999 அக்டோபரில் நிறுவனம் பங்குச் சந்தையில் இறங்கியது. ஒரு தொழிலாளிக்கு உண்மையாகவே நடந்த துரோகம் சரக்காகி விலைபோனது. அந்தச் சரக்குக்கு மூலப்பொருள் கொடுத்தவருக்கு அதில் பங்கு இல்லை.

உடம்புக் கணக்கு

1999 மே 23, கன்சாஸ் சிட்டி கெம்பர் அரங்கம். பிரெட்டின் கடைசித் தம்பி ஓவன் ஹார்ட், முகமூடி நாயகன் வேடத்தில் கூரையிலிருந்து கயிற்றில் இறங்கி வர வேண்டும். இடுப்புப் பட்டையைச் சட்டென்று விடுவிக்கும் கொக்கி முன்னதாகவே திறந்துகொண்டது. ஏறத்தாழ 24 மீட்டர் உயரத்திலிருந்து ரிங்கில் விழுந்து அவர் இறந்தார், வயது 34. நிகழ்ச்சி நிறுத்தப்படவில்லை, அதே ரிங்கில் அடுத்த ஆட்டங்கள் நடந்தன. குடும்பம் தொடுத்த வழக்கு 2000ஆம் ஆண்டில் 1 கோடியே 80 லட்சம் டாலருக்குச் சமரசமானது. அந்தச் சமரசத்தையும் வழக்கையும் ஒட்டி ஹார்ட் குடும்பமே இரண்டாகப் பிளந்தது. பிள்ளைகளுக்கும் மருமக்களுக்கும் மக்மேனின் கம்பெனியில் பிழைப்பு இருந்த வீட்டில், முதலாளிமீது வழக்கு என்பது சோற்றுத் தட்டுக்குள் கோடு கிழிக்கும் வேலை.

1999 டிசம்பர் 19 அன்று வாஷிங்டனில் பில் கோல்ட்பர்க்கின் உதை ஒன்று பிரெட்டின் தலையில் நேராக விழுந்தது. மூளை அதிர்ச்சி. அதை உணராமல், அல்லது உணர்ந்தும் சொல்லாமல், சில வாரங்கள் தொடர்ந்து ஆடினார். 2000 அக்டோபரில் டபிள்யூ.சி.டபிள்யூ. அவர் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. தொழில்வாழ்வும் அத்துடன் முடிந்தது. 2002 ஜூனில் சைக்கிளில் போகும்போது கீழே விழுந்தார். பக்கவாதம் வந்து இடப்பக்கம் செயலிழந்தது. 45 வயது நிறைய ஒரு வாரமே இருந்தது. நடக்கவும் கையசைக்கவும் மீண்டும் கற்றுக்கொண்டார்.

அப்படியும், அவர் வட்டத்தில் அதிர்ஷ்டசாலி அவர்தான். பிரையன் பில்மன் 35 வயதில் 1997இல் இறந்தார். டேவி பாய் ஸ்மித் 39 வயதில், 2002இல். கர்ட் ஹென்னிக் 44 வயதில், 2003இல். பறந்து விழும் ஆட்டத்தால் ஒரு தலைமுறையையே ஈர்த்த டைனமைட் கிட், பிற்காலத்தைச் சக்கர நாற்காலியில் கழித்து 2018இல் தன் அறுபதாவது பிறந்தநாளில் இறந்தார். இந்த மரணங்களுக்குக் காரணங்கள் தனித்தனி: இதயம், வலி மாத்திரை, போதை, பழைய காயம். ஆனால் பின்னணி ஒன்று. காயம் பட்டால் ஆட வேண்டும், ஆடாத இரவுக்குக் கூலி இல்லை, ஆட வேண்டுமானால் மாத்திரை வேண்டும்.

2007 ஜூனில், கால்கரியில் பயிற்சி பெற்ற கிரிஸ் பென்வா மனைவியையும் ஏழு வயது மகனையும் கொன்று தானும் இறந்தார். அவர் மூளையை ஆராய்ந்த மருத்துவர்கள், தொடர்ந்து தலையில் அடிபட்டதால் ஏற்படும் சிதைவை அதில் கண்டார்கள். மூளைச் சிதைவு மட்டுமே அந்தக் கொலைகளை விளக்கிவிடும் என்று சொல்வது தவறு. ஆனால் போலி அடிக்கு நிஜ மூளை கொடுத்த விலை அந்தச் சோதனையில் தெரிந்தது. அந்த ஆய்வுக்கு வழிசெய்த கிரிஸ் நொவின்ஸ்கியும் தலைக் காயத்தால் ரிங்கை விட்டவரே.

சட்டத்தின் கண்ணில்

இப்போது 1989 சாட்சியத்துக்குத் திரும்பலாம். விளையாட்டு என்றால் அரசு ஆணையம் வரும், அதன் மருத்துவர் வருவார், தகுதிச் சான்று கேட்பார். கேளிக்கை என்று அறிவித்துவிட்டால் அந்த மேற்பார்வை போய்விடும். சரி, கேளிக்கைதான் என்றால் மல்யுத்தக்காரர் நடிகர். அமெரிக்க நடிகர்களுக்குத் தொழிற்சங்கம் உண்டு, குறைந்தபட்ச ஊதியம் உண்டு, மறுஒளிபரப்புக்குப் பங்கு உண்டு. அதுவும் இவர்களுக்கு வரவில்லை. ஒப்பந்தத்தில் இவர்கள் ‘சுயேச்சை ஒப்பந்ததாரர்கள்’. எந்த ஊரில், எந்த இரவு, எந்த வேடத்தில், யாரிடம், எத்தனை நிமிடத்தில் தோற்க வேண்டும் என்பதை நிறுவனம் சொல்லும். காரும் விடுதியும் நெடுங்காலம் பெரும்பாலானோருக்குச் சொந்தச் செலவாகவே இருந்தன. விளையாட்டு வீரருக்குரிய பாதுகாப்பும் இல்லை, நடிகருக்குரிய பாதுகாப்பும் இல்லை, ஊழியருக்குரியதும் இல்லை. நிஜம் என்றாலும் பொய் என்றாலும் நஷ்டம் அவருக்கே.

மாற்ற முயன்றவர்கள் உண்டு. 1986இல் இரண்டாவது ரெஸில்மேனியாவுக்கு முன் ஜெஸ்ஸி வென்ச்சுரா, சங்கம் அமைக்கச் சக வீரர்களிடம் பேசினார். செய்தி உடனே மக்மேனுக்குப் போனது. காட்டிக்கொடுத்தவர் ஹல்க் ஹோகன் என்பதைப் பல ஆண்டுகள் கழித்து, வீடியோ நாடாக்களுக்கான உரிமைத்தொகை கேட்டு வென்ச்சுரா போட்ட வழக்கின் விசாரணையில்தான் தெரிந்துகொண்டார். அந்த வழக்கில் அவருக்கு எட்டு லட்சம் டாலருக்கு மேல் கிடைத்தது, சங்கம் கிடைக்கவில்லை. 2008இல் மூன்று முன்னாள் வீரர்கள், தங்களை ஊழியர்களாக நடத்தியிருக்க வேண்டும் என்று கனெக்டிகட்டில் வழக்குப் போட்டார்கள், தள்ளுபடியானது. தலைக் காயங்களுக்கு நிவாரணம் கேட்டு ஐம்பதுக்கும் மேற்பட்டோர் சேர்ந்த வழக்கும் 2018இல் தள்ளுபடியானது. 2020இல் வீரர்கள் வெளி இணையத் தளங்களில் தனியாகச் சம்பாதிப்பதை நிறுவனம் கட்டுப்படுத்தியபோது, அப்படியானால் இவர்கள் எந்த வகையில் சுயேச்சையானவர்கள் என்று அரசியல்வாதி ஆண்ட்ரூ யாங் பகிரங்கமாகக் கேட்டார்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2005 நவம்பரில் மல்யுத்தக்காரர் எடி கெரேரோ 38 வயதில் இறந்தபின், 2006இல் மருந்துச் சோதனையும் இதயப் பரிசோதனையும் கொண்ட நலத்திட்டம் வந்தது. முன்னாள் வீரர்களின் போதை மீட்புச் சிகிச்சைக்கு நிறுவனம் செலவு ஏற்கத் தொடங்கியது. 2010இல் தலையில் நாற்காலியால் அடிப்பது தடைசெய்யப்பட்டது. முன்னணி வீரர்கள் பல லட்சம் டாலர் சம்பாதிக்கிறார்கள்; சுயேச்சை அந்தஸ்தையே விரும்புவோரும் உண்டு. முன்னேற்றம் உண்மைதான். ஆனால் இவை அனைத்தும் முதலாளி மனமிரங்கிக் கொடுத்தவை. பெரும்பாலும் ஒரு சாவுக்குப் பிறகு, நாடாளுமன்றமும் பத்திரிகைகளும் கேள்வி கேட்ட பிறகு கொடுத்தவை. உரிமையாக எழுதப்பட்டவை அல்ல.

வெளியேறும் வாசல்

ஒரு மல்யுத்த வாழ்க்கை எப்படி முடிகிறது என்பது, பெரும்பாலும் ரிங்குக்கு வெளியே வேறு வாசல் இருந்ததா என்பதைப் பொறுத்தது. நம் நாட்டில் இதற்குச் சிறந்த சான்று தாரா சிங். பஞ்சாபின் தர்முசக் கிராமத்தில் பிறந்து, சிங்கப்பூரில் தொழில் கற்று, ஹங்கேரியரான ‘கிங்காங்’ எமில் ஸாயாவுடன் மோதிப் பெயர் வாங்கி, 1968 மே 29 அன்று பம்பாயில் லூ தெஸ்ஸை வென்றவர். அவர் பெயர் தமிழில் பலசாலிக்கு மறுபெயராகவே ஆகிவிட்டது. ஆனால் அவரை முதுமைவரை காப்பாற்றியது பட்டம் அல்ல. 1960களின் இந்திப் படங்களும், 1987இல் தொடங்கிய ‘ராமாயண்’ தொடரின் அனுமார் வேடமும்தான். 2003இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். 2012இல் 83 வயதில் இறந்தார். வென்ச்சுரா மின்னசோட்டா ஆளுநரானார்; டுவெய்ன் ஜான்சன் ஹாலிவுட்டுக்குப் போனார். இந்த வெற்றிக் கதைகளைத் தொழிலின் பெருமையாகச் சொல்கிறார்கள். நான் வேறு விதமாகப் படிக்கிறேன்: நன்றாக முடிந்த வாழ்க்கைகள் பெரும்பாலும் வேறு தொழிலில் முடிந்தவை.

பிரெட்டின் வாசல் நினைவுதான். 2006இல் நிறுவனத்தின் புகழ்மண்டபத்தில் இடம் பெற்றார். 2010 ஜனவரியில் அதே நிறுவனத்தின் மேடைக்குத் திரும்பி, மைக்கேல்ஸோடு கைகுலுக்கினார். சிலர் இதைச் சமரசம் என்றார்கள், சிலர் விலைபோனார் என்றார்கள். இரண்டும் அவசரத் தீர்ப்புகள். பக்கவாதத்திலிருந்து மீண்ட 52 வயதுக்காரர், தன் வாழ்நாள் உழைப்பின் படச்சுருள் முழுவதும் யாரிடம் பூட்டிக்கிடக்கிறதோ அவரிடம் போகாமல் தன் பெயரை மீட்க முடியாது. நூற்றுக்கணக்கான ஆட்டங்களின் உரிமை அவரிடம் இல்லை. கைவினைஞர் தான் செய்த பொருளைப் பார்க்கவே வாங்கியவர் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

எஞ்சும் கேள்வி

இதுவரை பார்த்தவற்றைத் தொகுத்தால், நிஜமா பொய்யா என்பதற்கு விடை நூறு ஆண்டுகளாகவே தெரிந்திருக்கிறது: முடிவு தீர்மானிக்கப்பட்டது, வித்தை உண்மை, காயமும் உண்மை. விடை தெரிந்த கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பதால், விடை தெரியாத கேள்விகள் கேட்கப்படாமலே போகின்றன. ரிங்கின் ஓரத்தில் நிற்கும் மருத்துவருக்குச் சம்பளம் கொடுப்பவர் யார், ஆட்டத்தை நிறுத்தும் அதிகாரம் அவருக்கு உண்டா? வேலை நேரம், இடம், விதம் மூன்றையும் தீர்மானிப்பவர், அதன்படி உழைப்பவருக்குத் தான் முதலாளி இல்லை என்று சொல்வதை எத்தனை நாள் ஏற்பது? ஒருவர் தன் உடம்பாலும் பெயராலும் வளர்த்த பாத்திரத்தில் அவருக்கு எவ்வளவு பங்கு?

மாண்ட்ரியாலில் பிரெட் ஹார்ட் இந்த மூன்றாவது கேள்வியைத்தான் எழுப்பினார். மணியடித்து அதை முடித்துவைத்தார்கள். கன்சாஸ் சிட்டியில் முதல் கேள்வி எழுந்தது. பணம் கொடுத்து முடித்துவைத்தார்கள். இரண்டாவது கேள்வி நீதிமன்றம்வரை போய்த் திரும்பியிருக்கிறது. மல்யுத்தக்காரர்கள் தாங்களாகவே ஒரு சங்கத்தில் கூடும்வரை மூன்றுக்கும் பதில் சொல்பவர் ஒருவராகவே இருப்பார், அவர் சொல்லும் பதிலும் அவருக்குச் சாதகமாகவே இருக்கும்.